டர்போ எஞ்சினில் பிஸ்டன் முறிவு: ஒரு வரலாறு

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டே, உள்ளே செல்லும் காற்றை அழுத்தித் தரும் கருவி டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று கூடினால் ஆற்றல் கூடும். அந்தச் சுமை பிஸ்டன் தலையில் விழும்.

தமிழ்நாட்டுக்குப் பிஸ்டன் புதிதல்ல. சென்னை செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது. ஆனால் சிறிய டர்போ பெட்ரோல் கார்கள் ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் பகுதிக்கு வந்தது அண்மையில்தான்: இருங்காட்டுக்கோட்டையில் 2019இல் ஹூண்டாய் வென்யூ, ஓரகடத்தில் 2020இல் நிசான் மேக்னைட்.

உடைந்த பிஸ்டனைப் பார்த்ததும் "சூடு" என்று சொல்லிவிடுவது பழக்கம். பழைய முறிவுகளுக்கு அது பொருந்தும். தீப்பொறிக்குப் பின் எஞ்சிய எரிபொருள் தானாக வெடித்து, பிஸ்டனின் மேற்பரப்பை அரிக்கும், உருக்கும். அந்த அதிர்வைக் கண்டறியும் உணரிகள் இதைப் பெரிதும் குறைத்தன.

புதிய முறிவு வேறு வகை. குறைந்த வேகத்தில், உயர் கியரில், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது நிகழ்வது. சிலிண்டர் சுவரில் எரிபொருளோடு கலந்த எண்ணெய்த் துளி தெறித்து, தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்கிறது. எழும் அழுத்தத்தில், பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய விளிம்பு உடைகிறது. இதைத் தூண்டியவற்றுள் ஒன்று, எஞ்சினைச் சுத்தமாக வைக்க எண்ணெயில் சேர்த்த கால்சிய உப்பு என்பதுதான் வேடிக்கை! கால்சியத்தைக் குறைத்து மக்னீசியம் சேர்த்தார்கள். இச்சோதனையை உள்ளடக்கிய அமெரிக்க எண்ணெய்த் தரம் 'எஸ்என் பிளஸ்' 2018இலும், 'எஸ்பி' 2020இலும் வந்தன. எண்ணெய் டப்பாவின் மேல் இக்குறியீட்டைக் காணலாம்.