பலகையைத் திருத்திய குரல்கள் – ஸ்னோபோர்டின் வரலாறு

பனி மூடிய மலைச்சரிவில் ஒற்றைப் பலகையின் மீது பக்கவாட்டில் நின்றபடி சறுக்கி இறங்கும் விளையாட்டுக்கு ஸ்னோபோர்டிங் என்று பெயர். ஸ்கீ விளையாட்டில் இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் பட்டைகள் உண்டு. கைகளில் இரண்டு ஊன்றுகோல்களும் உண்டு. ஸ்னோபோர்டில் அதெல்லாம் கிடையாது. ஒரு பலகை, அதில் கால்களைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு பைண்டிங்குகள், ஒரு ஜோடி பூட்ஸ்... அவ்வளவுதான்!

இன்று கடையில் பளபளப்பாக நிற்கும் ஒரு பலகையைப் பார்த்தால், ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் கணக்குப் போட்டுச் செய்தது போலத் தோன்றும். ஆனால் அதன் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னாலும் எங்கோ பனியில் விழுந்து எழுந்த ஒருவரின் குறை இருக்கிறது. கால் நழுவுகிறது, ஐஸில் பிடிமானம் இல்லை, திரும்பக் கஷ்டமாக இருக்கிறது, பாதத்துக்குப் பொருந்தவில்லை... இப்படிப்பட்ட குறைகளைச் சறுக்குபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதன் விளைவுதான் இன்றைய பலகை. அந்தக் கதையைப் பார்ப்போம்.

பிள்ளைகளுக்காக ஒரு பொம்மை

1965 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மஸ்கிகன் என்ற ஊரில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், தன் பெண் பிள்ளைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ பட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். அதன் மேல் நின்று பனிமேட்டில் சறுக்கலாம். கடலில் அலைச்சறுக்கு விளையாடுவது போலவே இருந்ததால், அவருடைய மனைவி நான்சி, பனியையும் அலைச்சறுக்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இணைத்து 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தார்.

பிரன்ஸ்விக் என்ற நிறுவனம் உரிமம் பெற்று இதைத் தயாரித்தது. லட்சக்கணக்கில் விற்றது! 1968இல் பாப்பனுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. அதே ஆண்டில் மஸ்கிகனில் போட்டிகளும் தொடங்கின.

ஆனால் ஸ்னர்ஃபரில் பைண்டிங் கிடையாது. முன்முனையில் கட்டிய ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சாதாரணக் காலணியோடு நிற்க வேண்டும். உலோக விளிம்பும் இல்லை. மென்மையான பனியில் நேராக இறங்கலாம். வேகமாகத் திரும்ப முயன்றால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்!

குறை கண்டவர்கள்

பலருக்கு இது வெறும் கிறிஸ்துமஸ் பொம்மை. சிலருக்கு மட்டும் இதை இன்னும் நன்றாகச் செய்ய முடியுமே என்று தோன்றியது.

யூட்டா மாநிலத்தில் டிமிட்ரி மிலோவிச் என்பவர் 1970களில் அலைச்சறுக்குப் பலகைகளைப் பின்பற்றி 'விண்டர்ஸ்டிக்' பலகைகளை உருவாக்கினார். தகைவிலான் குருவியின் வால் போலப் பின்முனை பிளந்திருக்கும் அந்தப் பலகை, ஆழமான பஞ்சுப்பனியில் மிதந்து செல்லும். கலிபோர்னியாவில் ஸ்கேட்போர்டு வீரர் டாம் சிம்ஸ் தன் பெயரிலேயே பலகைகள் தயாரித்தார். 1963இல் பள்ளித் தச்சு வகுப்பிலேயே தான் ஒரு பனிப்பலகை செய்துவிட்டதாக அவர் சொல்வதுண்டு.

மூன்றாமவர் ஜேக் பர்ட்டன் கார்பென்டர். பதினான்கு வயதில் ஸ்னர்ஃபரில் ஏறியவர். 1977இல் நியூயார்க் வேலையை விட்டுவிட்டு, வெர்மான்ட் மாநிலத்தின் லண்டன்டெரி என்ற சிற்றூருக்குப் போய்ப் பலகை செய்ய ஆரம்பித்தார். இரவில் மதுக்கூடத்தில் வேலை, பகலில் மரமும் பசையும். ஒன்று செய்வார், மலைக்கு எடுத்துப் போவார், விழுவார், திரும்பி வந்து இன்னொன்று செய்வார். இப்படி ஏறத்தாழ நூறு மாதிரிகள்!

1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குப் பர்ட்டன் தன் சொந்தப் பலகையோடு போனார். அதில் காலைப் பிடிக்கும் பைண்டிங் இருந்தது. இது ஸ்னர்ஃபரே இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அவருக்காகவே தனிப்பிரிவு ஒன்றை உண்டாக்கினார்கள். அதில் அவர் வென்றார். போட்டி சிறியதுதான். ஆனால் காலைப் பலகையோடு பிணைக்க வேண்டும் என்ற கருத்து அன்றைக்கு எல்லோர் கண்முன்னும் நிரூபணமானது.

மூடப்பட்ட மலைகள்

1982இல் வெர்மான்ட்டின் சூசைட் சிக்ஸ் என்ற மலைத்தளத்தில் (2022இல் இதன் பெயரை சாஸ்கடீனா சிக்ஸ் என்று மாற்றிவிட்டார்கள்) தேசிய அளவிலான போட்டி நடந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலான மலைத்தளங்கள் ஸ்னோபோர்டுகளை லிஃப்டில் ஏற்றவே அனுமதிக்கவில்லை. ஆபத்தானது, காப்பீடு கிடைக்காது, ஸ்கீ விளையாடுபவர்கள் மீது மோதிவிடுவார்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன.

இதில் ஓரளவு உண்மையும் இருந்தது. மரப்பலகையும் ரப்பர் பட்டையும் மட்டுமே இருந்தால், மிதிபட்டு இறுகிய பனியில் நிறுத்துவது கடினம்தான். எனவே அனுமதி வேண்டுமென்றால் கருவி மாற வேண்டியிருந்தது. 1980களின் முதற்பாதியில் எஃகு விளிம்புகள் வந்தன. அடிப்பாகத்தில் ஸ்கீ பட்டைகளில் உள்ளது போன்ற வழுவழுப்பான பிளாஸ்டிக் வந்தது. குதிகாலுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் உயரமான முதுகுப்பட்டை பைண்டிங்கில் சேர்ந்தது. இந்த முதுகுப்பட்டை இருந்தால்தான் குதிகால் பக்கம் சாய்ந்து பலகையைக் கட்டுப்படுத்த முடியும்.

வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை, கதவைத் திறந்த முதல் பெரிய தளங்களில் ஒன்று. அங்கே ஆரம்பத்தில் சறுக்கிக் காட்டித் தேர்ச்சிச் சான்று பெற்றவர்களுக்கே லிஃப்ட்! பிறகு மற்ற மலைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

எல்லா மலைகளும் அல்ல. யூட்டாவின் ஆல்டா, டியர் வேலி, வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று தளங்களில் இன்றும் ஸ்னோபோர்டுக்கு இடமில்லை. 2014இல் ஆல்டாவின் தடையை எதிர்த்து சில வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். அது அரசு வன நிலத்தில் உள்ள தளம் என்பது அவர்கள் வாதம். தடை தனியார் நிறுவனத்தின் முடிவு என்று கூறி வழக்கு தள்ளுபடியானது. 2016இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

பத்திரிகைகளின் தீர்ப்பு

1980களின் நடுவில் பலகை தயாரிப்பவர்கள் பெருகினார்கள். எதை வாங்குவது என்ற கேள்வியும் பிறந்தது. 1985இல் இந்த விளையாட்டுக்கென்றே முதல் பத்திரிகை வந்தது. 1987இல் 'டிரான்ஸ்வேர்ல்டு ஸ்னோபோர்டிங்' தொடங்கியது. பல நிறுவனங்களின் பலகைகளை ஒரே மலைக்குக் கொண்டுபோய், பலரிடம் கொடுத்து ஓட்டச் சொல்லி, சிறந்தவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உருவானது. டிரான்ஸ்வேர்ல்டின் 'குட் வுட்' என்ற தேர்வு அப்படிப் புகழ்பெற்றது.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. இத்தகைய பத்திரிகைகளில் பலகை நிறுவனங்களின் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரும். சோறு போடுபவரின் பொருளை மோசம் என்று எழுத யாருக்குத்தான் மனம் வரும்? அதனால்தான் அச்சில் வந்த பாராட்டை விட, லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகமாக இருந்தது.

கிரெய்க் கெல்லி சொன்னதைக் கேட்டபோது...

நிறுவனங்களுக்குள்ளேயே ஓட்டுபவரின் குரலை ஒலிக்கச் செய்தவர் கிரெய்க் கெல்லி. வாஷிங்டன் மாநிலத்துக்காரர், உலக சாம்பியன். 1980களின் இறுதியில் சிம்ஸை விட்டுப் பர்ட்டன் நிறுவனத்துக்கு வந்தார். இரண்டு நிறுவனங்களுக்கும் நீதிமன்றத்தில் தகராறு. வழக்கு நடந்ததால் அவருடைய பலகையில் அவர் பெயரைப் போட முடியவில்லை. பெயரில்லாத அந்தப் பலகைக்கு 'மிஸ்ட்ரி ஏர்' என்று பெயர்!

கெல்லி பலகையை ஓட்டிப் பார்த்து, எங்கே வளைகிறது, எங்கே வளைய மறுக்கிறது, எந்த இடத்தில் விளிம்பு பிடியை விடுகிறது என்று வடிவமைப்பாளர்களிடம் துல்லியமாகச் சொல்வார். அவர் சொன்னதைக் கேட்கத் தொடங்கியபோதுதான் தன் நிறுவனம் வெற்றி கண்டது என்று ஜேக் பர்ட்டன் பின்னாளில் கூறியிருக்கிறார். 2003 ஜனவரி 20 அன்று கனடாவின் ரெவெல்ஸ்டோக் அருகே பனிச்சரிவில் சிக்கி கெல்லி இறந்தார். அவரோடு இன்னும் ஆறு பேர். பர்ட்டன் நிறுவனம் மாதிரிப் பலகைகள் செய்யும் பட்டறைக்கு இன்று 'கிரெய்க்ஸ்' என்று அவர் பெயர்தான்.

கேட்கப்படாத குரல்

ஆனால் நீண்ட காலம் ஒரு தரப்பின் குரல் கேட்கப்படவே இல்லை. பெண்கள்! அவர்கள் ஆண்களுக்காகச் செய்த பலகையிலோ, சிறுவர்களுக்காகச் செய்த பலகையிலோதான் சறுக்க வேண்டியிருந்தது. பாதம் சிறிது, பலகையோ அகலம். அப்படியிருந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பலகையைச் சாய்ப்பதற்குள் நேரம் போய்விடும். எடை குறைந்தவருக்கு விறைப்பான பலகை வளைந்தே கொடுக்காது. குறை பலகையில் இருக்க, பழியோ பெண்ணின் திறமை மீது விழுந்தது.

1990களின் நடுவில் ஷானன் டன், டீனா பாசிச் என்ற இரு வீராங்கனைகளின் பெயரில் சிம்ஸ் நிறுவனம் பலகைகள் வெளியிட்டது. பெண்களுக்கான முதல் பலகைகளில் அவையும் அடங்கும். 1998இல் ஜப்பானின் நாகானோவில் ஸ்னோபோர்டிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, ஷானன் டன் ஹாஃப்பைப் பிரிவில் வெண்கலம் வென்றார்.

விளம்பரமும் உண்மையும்

புதிது என்பதெல்லாம் நல்லது ஆகிவிடாது என்பதற்கும் இந்த வரலாற்றில் உதாரணம் உண்டு. 1990களில் பட்டைகளே இல்லாமல், பூட்ஸை அழுத்தினால் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும் பைண்டிங்குகள் வந்தன. விளம்பரம் அமர்க்களப்பட்டது. ஆனால் அடியில் பனி அடைத்துக்கொண்டால் மாட்ட முடியவில்லை, பூட்ஸ் விறைப்பாக இருக்கிறது, பலகையோடு ஒட்டுதலே இல்லை என்று ஓட்டியவர்கள் குறை சொன்னார்கள். 2000களின் தொடக்கத்தில் அவை பெரும்பாலும் மறைந்தன. பழைய குறைகளைக் களைந்து பர்ட்டன் நிறுவனம் 'ஸ்டெப் ஆன்' என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது 2017இல்தான்.

மாறாக, 2001இல் பூட்ஸில் வந்த 'போவா' முறை நிலைத்துவிட்டது. ஒரு குமிழைத் திருகினால் மெல்லிய கம்பி இறுகும். கையுறையைக் கழற்றி, விறைத்த விரல்களால் நாடா கட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2006 வாக்கில் லிப் டெக் நிறுவனத்தின் 'ஸ்கேட் பனானா' வந்தது. அதுவரை பெரும்பாலான பலகைகள் தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்றுத் தூக்கி நிற்கும். இதற்கு கேம்பர் என்று பெயர். ஸ்கேட் பனானாவிலோ கால்களுக்கு இடைப்பட்ட பகுதி தாழ்ந்து, முனைகள் வாழைப்பழம் போல மேலே வளைந்திருந்தன. இது ராக்கர். புதிதாகக் கற்பவருக்கு விளிம்பு மாட்டி விழுவது குறைந்தது, பஞ்சுப்பனியில் மிதந்தது. ஆனால் வேகத்தில் கேம்பர் தரும் உறுதி இல்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். இரு தரப்பையும் கேட்டபின் இரண்டையும் கலந்த வடிவங்கள் பிறந்தன.

நல்ல மதிப்புரை எது?

ஒரே பலகையைப் பற்றி இருவர் நேர்மாறாகச் சொல்லலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு முரட்டுப் பலகையாக இருப்பது 90 கிலோ எடையுள்ளவருக்கு நூடுல்ஸ் மாதிரி தொளதொளக்கும். நிறுவனங்கள் பலகையின் விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணால் குறிக்கின்றன. ஆனால் அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் 5 இன்னொருவரின் 7!

ஆகவே எழுதுபவரின் எடை, பூட்ஸ் அளவு, எத்தனை நாள் ஓட்டினார், எந்த மாதிரிப் பனி என்பதெல்லாம் இல்லாத மதிப்புரையால் பயனில்லை. பூட்ஸ் அளவு ஏன் முக்கியம்? பலகையின் நடுப்பகுதி குறுகலாக இருந்து பூட்ஸ் வெளியே நீண்டிருந்தால், திரும்பும்போது விரல்முனை பனியில் உரசி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பைண்டிங்கை மாட்டும் துளைகளிலும் வேறுபாடு உண்டு. பர்ட்டன் ஒரு காலத்தில் மூன்று துளை முறையைப் பின்பற்றியது; மற்றவர்கள் நான்கு துளை. பார்க்காமல் வாங்கினால் பலகை ஒரு மூலையிலும் பைண்டிங் ஒரு மூலையிலும் கிடக்கும்.

இன்னொன்று. புதியவர்கள் விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு அடிக்கடி உடைகிறது. ஆனால் பலகையின் ஓவியத்துக்கும் நிறத்துக்கும் கிடைக்கும் பேச்சு, மணிக்கட்டுக் காப்புக்குக் கிடைப்பதில்லை. ஓட்டி அனுபவப்பட்டவர்கள் முதலில் சொல்ல வேண்டியதே அதைத்தான்.

2019ஆம் ஆண்டில் ஷெர்மன் பாப்பன் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் ஜேக் பர்ட்டனும் மறைந்தார். டிரான்ஸ்வேர்ல்டு ஸ்னோபோர்டிங் அச்சு இதழும் அதே ஆண்டில் நின்றுபோனது. ஒரு தலைமுறை முடிந்துவிட்டது. ஆனால் லிஃப்டில் பக்கத்தில் இருப்பவரிடம், "உன் பலகை எப்படி?" என்று கேட்கும் பழக்கம் மட்டும் முடியவில்லை. அந்தக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் நேர்மையான பதில், கேட்டவரின் பணத்தைக் காப்பாற்றும். சில சமயம் எலும்பையும் காப்பாற்றும். நாளைய பலகையைச் செதுக்கப் போவதும் அந்தப் பதில்தான்!