ரெட் டாக் சுரங்கம்

ரெட் டாக் சுரங்கம்: அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவில், டிலாங் மலைகளில் உள்ள திறந்தவெளிச் சுரங்கம். துத்தநாகமும் ஈயமும் இங்கு முதன்மையாகக் கிடைக்கின்றன. ஓரளவு வெள்ளியும் உண்டு. உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களுள் இது ஒன்று. நிலம் இனுப்பியாட் மக்களின் நானா மண்டல நிறுவனத்துக்கு உரியது. சுரங்கத்தை நடத்துவது கனடாவின் டெக் நிறுவனம். வடமேற்கு ஆர்க்டிக் பரோ எனப்படும் உள்ளாட்சி அமைப்பின் வருவாயில் பெரும்பங்கு இச்சுரங்கத்திலிருந்தே வருகிறது. ஆர்க்டிக்கில் சுரங்கத் தொழிலால் பழங்குடியினர் பயனடைந்ததற்கு ரெட் டாக் தக்க சான்று. தாதுவின் வளம் இதற்கு ஒரு காரணம்; வெட்டத் தொடங்கும் முன்பே நிலம் அம்மக்கள் கைக்கு வந்துவிட்டது அதைவிடப் பெரிய காரணம்.

நிலவுரிமை வரலாறு

இப்பகுதி மக்களுக்குக் கல்லும் கனிமமும் புதியவையல்ல. கோபக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பச்சை மணிக்கல்லில் அவர்களுடைய முன்னோர் கருவிகள் செய்தனர். 1867இல் ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றபோது, அந்த மண்ணில் வாழ்ந்தவர்களை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. 1898இல் தங்கம் தேடி வெளியார் கோபக் ஆற்றில் திரண்டனர். பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினர்.

1959இல் அலாஸ்கா தனி மாநிலமானது. பத்துக் கோடி ஏக்கருக்கும் மேலான நிலத்தைத் தனக்கெனத் தேர்ந்துகொள்ளும் உரிமை மாநில அரசுக்குக் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய இடங்களும் மீன்பிடித் துறைகளும் தங்களைக் கேளாமலே கைமாறத் தொடங்கியபோதுதான் பழங்குடியினர் விழித்தெழுந்தனர். இப்பகுதியின் கோட்ஸிபூ ஊரைச் சேர்ந்த வில்லி ஹென்ஸ்லி 1966இல் பல்கலைக்கழக மாணவராக, அலாஸ்கா பழங்குடியினருக்கு நிலத்தில் என்ன உரிமை உண்டு என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் வடமேற்கு அலாஸ்காவின் பழங்குடியினர் சங்கம் அமைத்தனர். இன்றைய நானா அதன் வழிவந்தது.

1968இல் அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்தது. நிலவுரிமை தீராமல் எண்ணெய்க் குழாய் போட முடியாது என்ற நிலை வந்த பிறகே வாஷிங்டன் இறங்கிவந்தது. 1971 டிசம்பர் 18இல் நிறைவேறிய அலாஸ்கா பழங்குடியினர் உரிமைத் தீர்வுச் சட்டம் 4.4 கோடி ஏக்கர் நிலத்தையும் 96.25 கோடி டாலரையும் அவர்களுக்கு அளித்தது. ஒதுக்கீட்டு நிலங்களாக அல்லாமல், 12 மண்டல நிறுவனங்கள், பல கிராம நிறுவனங்கள் வழியாக இவை வழங்கப்பட்டன. அந்நாளில் உயிரோடிருந்த பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் தம் மண்டல நிறுவனத்தில் 100 பங்குகள் கிடைத்தன. பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கும் பங்கு தர நானா தன் விதியை மாற்றிக்கொண்டது. பாராட்டுக்குரிய முடிவு இது.

கண்டுபிடிப்பும் ஒப்பந்தமும்

கோட்ஸிபூவின் சிறுவிமான ஓட்டி பாப் பேக்கர், மலையோடைகளில் துருப்போன்ற செந்நிறக் கறையை வானிலிருந்து கண்டார். அவர் சொன்னதைக் கேட்டு, 1968இல் புவியியலாளர் இர்வ் டெய்லர் அங்கே சென்று மாதிரி எடுத்தார். பேக்கரோடு விமானத்தில் பறந்த செந்நிற நாயின் நினைவாகவே ஓடைக்கு ரெட் டாக் என்று பெயர். ஓடையின் மேற்பகுதி நீரில் இயற்கையாகவே உலோகம் மிகுதி. சுரங்கம் வருமுன்பும் அங்கு மீன் பிழைத்ததில்லை.

இந்நிலத்தை நானா தன் பங்காகத் தேர்ந்துகொண்டது. பங்குதாரர்கள் முதலில் சுரங்கம் வேண்டாம் என்றனர். சில ஆண்டுகள் கலந்து பேசிய பின் இசைந்தனர். 1982இல் காமின்கோ நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. முதலீடு மீளும்வரை நானாவுக்கு 4.5 விழுக்காடு ராயல்டி. மீண்ட பின் நிகர வருவாயில் 25 விழுக்காடு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஐந்து விழுக்காடாக உயர்ந்து 50 வரை செல்லும். முதலீடு 2007இல் மீண்டது. 2022இல் நானாவின் பங்கு 40 விழுக்காட்டை எட்டியது. காமின்கோ பின்னாளில் டெக் நிறுவனத்துடன் இணைந்தது.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி வாழ்வாதாரக் குழு. நோவாடக், கிவலினா ஊர்களின் பெரியவர்கள் இதில் அமர்ந்து, வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் சுரங்கத்தால் இடையூறு நேராதபடி பார்த்துக்கொள்கின்றனர். சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு 84 கி.மீ. சாலை செல்கிறது. கரிபூ மான் கூட்டம் சாலையைக் கடக்கும்போது தாது லாரிகள் வரிசையாக நின்றுவிடும். கடற்கரையோரம் ஆழமில்லை, எனவே படகுகளே தாதுவைச் சுமந்து, கடலில் தள்ளி நிற்கும் கப்பல்களில் ஏற்றுகின்றன. பனி விலகும் நூறு நாள் அளவே கப்பல் போக்குவரத்து உண்டு. அதுவும் கிவலினா வேட்டைக்காரர்கள் இளவேனிற்காலக் கடல் வேட்டையை முடித்த பிறகே தொடங்கும்.

வருவாய்ப் பகிர்வு

1989இல் உற்பத்தி தொடங்கியது. நானாவுக்கு இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் கிடைத்துள்ளது; ஆனால் முழுத்தொகையும் அதற்குரியதன்று. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(ஐ) பிரிவின்படி கனிம, மர வருவாயில் 70 விழுக்காட்டை 12 மண்டல நிறுவனங்களும் மக்கள்தொகைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே துத்தநாகத்தைக் கண்ணால் பார்த்திராத தென்கிழக்கு அலாஸ்காப் பழங்குடியினருக்கும் இதில் பங்கு போகிறது. சுரங்கத்தில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் நானா பங்குதாரர்கள் அல்லது அவர்தம் வழியினர்.

1986இல் அமைந்த வடமேற்கு ஆர்க்டிக் பரோவில் 11 ஊர்கள். மக்கள் 8,000க்கும் குறைவு. சொத்து வரி விதிக்காமல், சுரங்கம் வரிக்கு ஈடாகத் தரும் தொகையைக் கொண்டே பள்ளிகளுக்கான தன் பங்கையும் பொதுப் பணிகளையும் பரோ கவனிக்கிறது. தொகை போதாதென்று பரோ சுரங்கத் தாதுவுக்குத் தனி வரி விதித்தபோது நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2017இல் பத்தாண்டு ஒப்பந்தத்தோடும் கிராம மேம்பாட்டு நிதியோடும் அது தீர்ந்தது.

சுற்றுச்சூழலும் எதிர்காலமும்

2001இல் சாலையோரப் பாசியில் ஈயத்தூசி கண்டறியப்பட்டபின் லாரிகளுக்கு உறுதியான மூடிகள் பொருத்தப்பட்டன. ஓடையில் விடப்படும் கழிவுநீர் குறித்துக் கிவலினா மக்கள் சிலர் 2004இல் தொடுத்த வழக்கு 2008இல் சமரசமானது. இப்போது வெட்டப்படும் படிவம் 2030களின் தொடக்கம்வரை நீடிக்கும். அடுத்து ஆராயப்படும் அனாரக், அக்டிகிருக் படிவங்கள் மாநில அரசின் நிலத்தில் உள்ளன. அவை நானாவின் நிலமல்ல.