மண்ணடுக்கு எண்ணின் மதிப்பு: அரிக்கமேட்டு மறுவாசிப்பும் திறந்த தரவுக் களஞ்சியங்களும்

அரிக்கமேடு பற்றிய வரலாற்றெழுத்தில் ஒரு விளக்கம் ஏறக்குறைய கேள்வியின்றி நிலைபெற்றுவிட்டது. 1945இல் அங்கே அகழ்ந்த மார்டிமர் வீலர் ரோமானிய வணிக நிலையம் ஒன்றைக் கண்டார். காலனிய ஆட்சியின் அதிகாரி ஒருவர் அதைத்தான் கண்டிருக்க முடியும். பின்வந்த தலைமுறை அந்த மனப்பாங்கிலிருந்து விடுபட்டதும் அதே மேட்டில் கடல்கடந்த தொடர்புகளுடைய ஓர் உள்நாட்டுத் துறைமுகம் தெரிந்தது. இந்த விளக்கத்தின்படி மாறியது பார்வை மட்டுமே. சான்றுக்கு அதில் பங்கே இல்லை.

இக்கட்டுரை இதனோடு முரண்படுகிறது. பார்வை மாறியதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மாற்றம் வெறும் மனமாற்றமாக நின்றுவிடாமல் நிறுவத்தக்க முடிவாக உருப்பெற்றதற்கு வேறொரு காரணம் உண்டு. வீலரின் முடிவைக் கவிழ்க்கத் தேவையான தரவுகளை வீலரே அச்சிட்டு வைத்திருந்தார். பல்கலைக்கழக ஆய்வுத் தரவுகளைத் திறந்த களஞ்சியங்களில் சேமிப்பது பற்றி இன்று நடக்கும் விவாதத்துக்குப் புதுச்சேரி தரக்கூடிய மிக வலுவான சான்று, நகரிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது.

ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே வழக்கமான விளக்கம் ஆட்டம் காண்கிறது. சென்னைப் பல்கலைக்கழகமும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் இணைந்து விமலா பெக்லியின் தலைமையில் அரிக்கமேட்டில் அகழ்ந்தது 1989 முதல் 1992 வரை. ஆனால் அந்த இடத்தின் காலவரிசையை மாற்றி எழுதிய பெக்லியின் கட்டுரை அமெரிக்கத் தொல்லியல் ஆய்விதழில் வெளிவந்தது 1983இல். மண்வெட்டி தரையில் இறங்க ஆறு ஆண்டுகள் இருக்கும்போதே முடிவின் சட்டகம் உருவாகிவிட்டது. அதற்கு முதன்மை ஆதாரமாக நின்றவை ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இரண்டாம் இதழில் 1946 ஜூலையில் வீலர், அ. கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோர் வெளியிட்ட அறிக்கையும், 1947 முதல் அங்கே அகழ்ந்த ழான்-மரி கசாலின் 1949ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிக்கையும்தான்.

வீலரின் வாதம் ஒரு சங்கிலி. இத்தாலியின் அரெட்சோப் பகுதியில் செய்யப்பட்ட சிவப்பு மெருகுக் கலன்களின் உடைசல்கள் சில அரிக்கமேட்டில் கிடைத்தன. விபியே, கமூரி, இட்டா எனக் குயவர்களின் முத்திரைகள் அவற்றில் சிலவற்றில் இருந்தன. மேற்கே அந்தப் பட்டறைகளின் காலம் தெரியும் என்பதால் இந்த அரிட்டைன் கலன்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்தவை என்று அவர் கொண்டார். அரிட்டைன் துண்டு கிடந்த மண்ணடுக்குக்கு அதே காலம். அந்த அடுக்கில் உடன்கிடந்த ரௌலட்டட் தட்டுக்கும் அதே காலம். 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரிக்கும் சந்திரவள்ளிக்கும் வீலர் சென்றபோது அந்தத் தட்டே அளவுகோலாக அவருடன் சென்றது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கு நெடுங்காலம் இத்தாலியக் குயவர்களின் முத்திரைகளில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் அது மிகையாகாது.

சங்கிலியின் பலவீனமான கண்ணி அறிக்கையிலேயே வெளிப்படையாக இருக்கிறது. வீலர் தம் மண்ணடுக்குகளை அரிட்டைனுக்கு முந்தியவை, அரிட்டைன் காலத்தவை, பிந்தியவை என்று பிரித்தார். ரௌலட்டட் தட்டு அரிட்டைன் அடுக்குகளில் மட்டும் கிடைக்கவில்லை. அவற்றுக்குக் கீழேயும் கிடைத்தது. தட்டையான அடி, உள்நோக்கி வளைந்த விளிம்பு, உள்ளே நடுவில் வட்டவட்டமாகப் பொடிக்குழிகள் ஓடும் மெல்லிய கலன் அது. அந்தக் குழி அலங்கார நுட்பம் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது என்று வீலர் எண்ணியதால், கீழடுக்குகளை முதல் நூற்றாண்டுக்கு மிக அருகிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. சில பத்தாண்டுகளுக்கு மேல் அவற்றுக்கு அவர் இடம் தரவில்லை. பெக்லி கேட்டது ஒரே கேள்வி: அரிட்டைனுக்கு முந்திய அந்தப் படிவுகள் அவ்வளவு குறுகிய காலத்தவையாகத்தான் இருக்க வேண்டுமா? இருக்க வேண்டியதில்லை என்றால் ரௌலட்டட் தட்டு ரோமானியத் தொடர்புக்கு முந்தியது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வரைகூடச் செல்லக்கூடியது. அப்போது ரோமானியர் வந்து நிறுவிய நிலையம் என்ற கதை நிற்பதில்லை. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ஊருக்கு அவர்களின் சரக்கு வந்து சேர்ந்தது என்றாகிறது.

அந்தக் கேள்வி எங்கிருந்து எழுந்தது என்பதே இக்கட்டுரையின் மையம். வீலரின் முடிவுரையிலிருந்து அது எழ வாய்ப்பில்லை. அவருடைய சொல்லாற்றல் அந்த வாயிலை இறுக அடைத்துவிடுகிறது. எந்தக் குழி, எந்த அடுக்கு, எந்த வகைக் கலன் என்று அலுப்பூட்டும் வகையில் வரிசையிடும் மட்கலப் பட்டியலிலிருந்தும், குழிச்சுவரின் வெட்டுமுக வரைபடங்களிலிருந்தும்தான் எழ முடியும். கதை சொன்ன வீலரும் பட்டியல் எழுதிய வீலரும் ஒருவரே. முன்னவரை மறுக்கப் பின்னவர் சாட்சியாக வந்தார். வீலரின் அறிக்கையைக் காலனியக் கற்பனை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவோர், தாங்கள் நிற்கும் தரை அதே அறிக்கையின் பிற்பகுதி என்பதைக் கவனிப்பதில்லை.

பெக்லியின் காலக்கணிப்பே இறுதியானது என்று இங்கே கூறப்படவில்லை. இலங்கையின் அனுராதபுர அகழாய்வும் ரௌலட்டட் கலனை ரோமத் தொடர்புக்கு முன்னே கொண்டுசெல்கிறது. எவ்வளவு முன்னே என்பதில் கருத்து வேறுபாடு ஓயவில்லை. விடுதலைக்குப் பிந்தைய அறிவுச்சூழல் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவைத் தந்திருக்கலாம் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் துணிவு மட்டும் இருந்து பட்டியல் இல்லாதிருந்தால் விளைவு ஓர் எதிர்க்கருத்து, அவ்வளவுதான்.

பட்டியல் செய்த இன்னொரு வேலையும் உண்டு. வீலர் கலன்களுக்கு வரிசையாக எண் கொடுத்தார். ரௌலட்டட் தட்டு வகை 1. உட்புறம் பறவை முத்திரைகள் பதித்த கிண்ணம் வகை 10. புதுச்சேரிக்கு அருகே தரப்பட்ட அந்த எண்கள் இன்றும் உலகத் தொல்லியலில் வழங்குகின்றன. பாலித் தீவின் வடகரையில் செம்பிரான் என்ற ஊரில் கிடைத்த ஓடுகளை ஆர்டிகாவும் பெல்வுட்டும் 1991இல் வெளியிட்டபோது, அவற்றில் ரௌலட்டட் கலனும் அரிக்கமேடு வகை 10உம் இருந்தன. தரவுக் களஞ்சியங்களை நடத்துவோர் இன்று நிலையான அடையாள எண் என்று வலியுறுத்துவதை, 1946இன் அச்சு அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துகாட்டியிருக்கிறது. விஷ்வாஸ் கோக்டே 1997இல் எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வின் வழியே ரௌலட்டட் கலனின் களிமண்ணை வங்காளத்தின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதியோடு பொருத்தினார். அந்த முடிவை ஏற்றாலும் மறுத்தாலும், வெவ்வேறு நாட்டு ஓடுகளை ஒப்பிட முடிந்ததே பொதுவான வகைப்பெயர் இருந்ததால்தான்.

பொருள்களின் நிலை வேறு. வீலருக்கு முன்பே அங்கே பொருள்களைத் திரட்டிய பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேயின் காலத்திலிருந்து அரிக்கமேட்டுப் பொருள்கள் பல ஊர்களுக்குச் சிதறின: புதுச்சேரி, சென்னை, பாரிஸின் கிமே அருங்காட்சியகம், அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஹனோய். சீட்டோடு தங்கியவை மீண்டும் பேசின. எலிசபெத் லைடிங் வில் ஆம்போராச் சாடித் துண்டுகளை மறுபடி ஆராய்ந்து, கிரேக்கத் தீவான கோஸ் உள்ளிட்ட இடங்களின் மதுச்சாடிகளை இனங்கண்டார். 2007இல் ராபெர்ட்டா டாம்பர், இந்திய இடங்களில் ரோமானிய ஆம்போரா என்று எண்ணப்பட்டவற்றில் பல மெசபடோமியாவின் டார்பிடோ சாடிகள் என்று காட்டினார். இந்தத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேண்டும்: ஓடு இருக்க வேண்டும், அது எங்கே எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் உடனிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போனால் மற்றதும் பாதி போயிற்று.

அரிக்கமேட்டைப் பேசும்போதெல்லாம் சொல்லப்படும் கதையையும் இந்த ஒளியில் படிக்க வேண்டும். 1944இல் சென்னை அருங்காட்சியக அலமாரியில் ஆம்போரா ஒன்றின் கழுத்தையும் நீண்ட கைப்பிடியையும் கண்ட வீலர் உடனே புதுச்சேரிக்குப் புறப்பட்டார் என்பது அக்கதை. அதைக் கூர்ந்த கண்ணின் வெற்றியாகவே எழுதி வருகிறார்கள். அந்தத் துண்டு அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்று சொல்லச் சென்னையில் ஆள் இருந்தது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. அந்த அருங்காட்சியகத்தின் அ. ஐயப்பன் 1941லேயே அரிக்கமேட்டைப் பற்றி ‘தி இந்து’ நாளிதழில் எழுதியிருந்தார். இடப்பெயர் தொலைந்திருந்தால் வீலர் கண்டது அழகான ஒரு சாடிக் கழுத்து. எந்த ஊருக்குப் புறப்படுவது?

இந்த அனுபவத்தை இன்றைய பல்கலைக்கழக நடைமுறையோடு வைத்துப் பார்த்தால் கவலை மிகுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைக்குப் பின் ஆய்வேடுகள் மின்வடிவில் இன்ஃபிளிப்நெட்டின் சோத்கங்கா களஞ்சியத்துக்குச் செல்கின்றன. பெரிய நன்மை அது. ஓர் ஆய்வேட்டைப் பார்க்க ஊர்விட்டு ஊர் போன காலத்தை நினைத்தால் அதன் மதிப்பு விளங்கும். ஆனால் அங்கே சேர்வது ஆய்வாளரின் முடிவுரை. அளவீட்டு அட்டவணைகள் பிடிஎஃப் பக்கங்களில் படமாக உறைந்து கிடக்கின்றன. களக்குறிப்பேடு பெரும்பாலும் ஆய்வாளரின் வீட்டில். அரிக்கமேட்டு மொழியில் சொன்னால், கதை சொன்ன வீலரைப் பாதுகாக்கிறோம். பட்டியல் எழுதிய வீலரைப் பழைய தாளோடு போட்டுவிடுகிறோம். அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இல் கொண்டுவந்த திறந்த அணுக்கக் கொள்கையின் கவனமும் முதன்மையாகக் கட்டுரைகள் மீதுதான்.

வேறு வழி இருக்கிறது என்பதற்குச் சான்று தேடிப் புதுச்சேரியை விட்டுப் போக வேண்டியதில்லை. செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சூழலியலாளர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் உப்பங்களாவில் 1990 வாக்கில் நிரந்தர ஆய்வுத்திடல் ஒன்றை அமைத்து மரங்களைத் தொடர்ந்து அளந்தனர். அந்த அளவீடுகளையே 2011இல் ‘இகாலஜி’ இதழின் தரவுக் காப்பகம் வழியே எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மத்திய மேற்குத் தொடர்ச்சி மலையின் 96 இடங்களின் மரத் தரவுகள் அவ்வாறே வெளிவந்தன. காட்டைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரைகளோடு உடன்படாதவரும் அந்த எண்களை எடுத்துத் தம் கணக்கைப் போடலாம். சூழலியலில் முடிவது தொல்லியலில் ஏன் முடியாது? மரத்தையாவது மீண்டும் போய் அளக்கலாம். அகழ்ந்த குழியை மீண்டும் அகழ வழியில்லை; அரிக்கமேட்டின் கரையையோ ஆறு தொடர்ந்து அரிக்கிறது.

கீழடி இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டின் தெருமுனை வரை கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் ஆறு கரிமக் காலக்கணிப்புகள் இருந்தன; கி.மு. 580 என்ற ஒன்று மேடைதோறும் ஒலித்தது. அந்த மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு அதில் நூறில் ஒரு பங்குகூட ஒலிக்கவில்லை. ஆனால் ஆய்வாளருக்கு ஆண்டைவிட ஆழமே முக்கியம். அதை வைத்துத்தான் கணிப்பை ஏற்கவோ எதிர்க்கவோ முடியும். மத்தியத் தொல்லியல் துறையின் தொடக்கக் கட்ட அகழாய்வுகள் பற்றிய 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. 2025இல் திருத்தம் கேட்கப்பட்டது. யார் சொல்வது சரி என்று இக்கட்டுரை தீர்ப்புச் சொல்ல முனையவில்லை. அடுக்குப் பட்டியல்கள் அகழ்ந்த பருவத்திலேயே ஒரு களஞ்சியத்தில் சேர்ந்திருந்தால், வாதம் ஆட்களைப் பற்றியதாக இல்லாமல் அடுக்குகளைப் பற்றியதாக இருந்திருக்கும் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

எதிர்வாதங்கள் உண்டு. இடக்குறிப்புகளைத் திறந்து வைத்தால் புதையல் தேடுவோருக்கு வழிகாட்டியதாகும் என்கிறார்கள். புதையல் தேடுவோர் மண்ணடுக்கு அட்டவணை படித்து வருவதில்லை. அவ்வளவு அச்சமிருந்தால் துல்லிய ஆயங்களை மட்டும் மறைக்கலாம். அகழ்ந்தவருக்கே முதல் உரிமை என்பது நியாயமானது. அதற்கு ஒரு கால வரம்பு போதும். 1945இல் அகழ்ந்து 1946இல் அச்சிட்டவர் நம் கண்முன் இருக்கிறார், போருக்குப் பிந்தைய காகிதத் தட்டுப்பாட்டுக் காலத்தில். செலவு என்ற வாதம் நீண்ட மறுமொழிக்குத் தகுதியற்றது. அகழாய்வின் கூலிச் செலவோடு ஒப்பிட்டால் ஓர் அட்டவணைக் கோப்பைப் பேணும் செலவு மிகச் சிறியது.

கடினமான வேலை வேறிடத்தில் இருக்கிறது. அரிக்கமேட்டுக்கு இன்று அச்சில் உள்ளவை வீலரின் 1946 அறிக்கை, கசாலின் 1949, 1956 நூல்கள், பெக்லி குழுவின் 1996, 2004 தொகுதிகள். இவற்றின் குழி, அடுக்கு, வகை எண், பொருள் இன்று இருக்கும் அருங்காட்சியகம் ஆகியவற்றை ஒரே அட்டவணையாக்கிப் புதுச்சேரியின் ஒரு கல்வி நிறுவனம் திறந்த களஞ்சியத்தில் வைக்க வேண்டும். வீலர் அடியிலும் அங்குலத்திலும் அளந்தார், கசால் மீட்டரில். இருவரும் மண்ணடுக்குகளுக்குத் தனித்தனியே எண்ணிட்டார்கள். எனவே இருவரின் குழி வரைபடங்களையும் ஒரே நில அளவைப் படத்தில் பொருத்துவதே முதற்பணி. ஐந்து அகழாய்வு நூல்களின் பட்டியல்களும் அதற்குப் பிறகே ஒன்றோடொன்று இணையும்.