திக்கிப் பேசும் குழந்தைகள்: பரிசோதனை இலவசம், பயிற்சிக்குக் காப்பீடு கிடைக்குமா?

மாரிகுப்பம்: கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டையில் இருந்து பிரியும் ரயில் பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பின்னர், வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று திரும்புவோர் இங்கு ஏராளம். இத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை திக்கிப் பேசத் தொடங்கினால் அதைக் கண்டறிவது யார், பயிற்சிச் செலவை ஏற்பது யார் என்பது குறித்த விளக்கம் வருமாறு:

திக்குவாய் என்பது என்ன?

ஓர் ஒலியையோ அசையையோ திரும்பத் திரும்பச் சொல்லுதல், ஒலியை நீட்டி இழுத்தல், சொல் வெளிவராமல் தடைபடுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேரிடம் இது காணப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் தாமாகவே சீரடைகின்றனர்.

அச்சமோ, பெற்றோரின் வளர்ப்போ இதற்குக் காரணம் அல்ல. மூளையின் செயல்பாட்டோடும் மரபணுவோடும் தொடர்புடையது என ஆய்வுகள் தெரிவிக்கின்றன. நாக்கில் வசம்பு தேய்த்தால் திக்குவாய் தீரும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம் எனப் பல மொழிகள் புழங்குவதாலும் இது ஏற்படுவதில்லை. எனவே, தாய்மொழியைக் கைவிட வேண்டிய அவசியமில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

திக்கல் 6 மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் திக்குவாய் இருந்தாலோ, பேசும்போது குழந்தை முகத்தை இறுக்கினாலோ, பேச்சையே தவிர்த்தாலோ, பேச்சு மொழிப் பயிற்சி நிபுணரை அணுக வேண்டும். சிறுவர்களுக்கு இது நீடிக்கும் வாய்ப்பு சிறுமிகளைவிட அதிகம்.

பள்ளிப் பருவத்துக்கு முன்பே தொடங்கும் பயிற்சி கூடுதல் பலன் தரும். ஆஸ்திரேலியாவில் உருவான 'லிட்கம்' முறையில், நிபுணரின் வழிகாட்டுதலுடன் பெற்றோரே வீட்டில் நாள்தோறும் பயிற்சி அளிக்கின்றனர். இதன் பலன் 2005-இல் வெளியான மருத்துவ ஆய்வில் உறுதி செய்யப்பட்டது.

அரசின் பரிசோதனைத் திட்டம்

2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலானோருக்கு இலவசப் பரிசோதனை செய்யப்படுகிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும் என்பது விதி. குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர்.

இத்திட்டத்தின் முதன்மைப் பட்டியலில் உள்ள 30 பாதிப்புகளில் செவித்திறன் குறைபாடும் மொழி வளர்ச்சித் தாமதமும் அடங்கும். திக்குவாய் தனியாக இடம்பெறவில்லை. மொழியறிவில் குறையே இல்லாத குழந்தையும் திக்கக்கூடும்; சில நிமிடச் சோதனையின்போது திக்காமலும் இருக்கக்கூடும். ஆகவே, குழு வரும் நாளில் பெற்றோர் அல்லது அங்கன்வாடிப் பணியாளர் தாமாகவே இதனைத் தெரிவிப்பது அவசியம்.

காப்பீடு எந்த அளவுக்கு உதவும்?

2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு அளிக்கிறது. ஆனால், அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. திக்குவாய்க்கான பயிற்சியோ வாரந்தோறும், மாதக்கணக்கில், புறநோயாளியாகப் பெற வேண்டியது.

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் புறநோயாளிப் பயிற்சிகளுக்கும் இடமுண்டு. எனினும் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு மட்டுமே அது பொருந்தும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை ஏற்கிறது. ஆனால், குரல்வளை அகற்றம், பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சிழப்பு போன்ற உடல் அல்லது நரம்பு சார்ந்த காரணங்களால் நேரும் நிரந்தரக் குறைபாடு என அது வரையறுக்கப்பட்டுள்ளது. இதனால் சிறு வயதில் தோன்றும் திக்குவாய்க்குச் சான்றிதழ் பெறுவது கடினம்.

அமெரிக்காவில் 1967 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, அரசின் 'மெடிகெய்ட்' காப்பீட்டில் உள்ள 21 வயதுக்குட்பட்டோருக்குப் பரிசோதனையில் கண்டறியப்படும் குறைபாட்டுக்குத் தேவையான சிகிச்சையையும் வழங்குவது கட்டாயம். பேச்சுப் பயிற்சியும் இதில் அடங்கும்.

எங்கு செல்லலாம்?

முதலில் மாவட்ட அரசு மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்துகொள்வது நல்லது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பேச்சு மற்றும் செவித்திறன் துறை இயங்குகிறது. 1965-இல் நிறுவப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் செயல்படுகிறது. தனியார் நிபுணரை நாடுவோர், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதை உறுதி செய்ய வேண்டும்.

மாரிகுப்பத்தில் இருந்து பெங்களூரு செல்ல ரயிலில் 2 மணி நேரத்துக்கு மேலாகும். தினக்கூலி பெறும் பெற்றோருக்கு ஒவ்வொரு பயிற்சி நாளும் ஒருநாள் வருமான இழப்பு. கட்டணம் குறைவாக இருந்தாலும் பயிற்சி பாதியில் நின்றுபோக இதுவே போதுமானது. காணொலி வழிப் பயிற்சிக்கு வாய்ப்புள்ளதா, தமிழில் பயிற்சி பெற முடியுமா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டறிவது பயனளிக்கும்.

வீட்டிலும் வகுப்பிலும்

குழந்தை பேசி முடிக்கும் வரை பொறுமையுடன் கேட்க வேண்டும். சொல்லை எடுத்துக் கொடுப்பதும், 'நிதானமாகப் பேசு' என அதட்டுவதும் கூடாது. வகுப்பில் உரக்க வாசிக்கக் கட்டாயப்படுத்தாமல், குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு வாய்ப்பளிக்க வேண்டும். கேலியைத் தடுப்பது ஆசிரியரின் பொறுப்பாகும்.