அறையும் ரொட்டியும்: மேற்கல்வியின் பழைய கணக்கு

கல்வி கற்க இடம் கிடைப்பது ஒன்று. கற்கும் காலத்தில் உண்ணவும் உறங்கவும் வழி கிடைப்பது வேறொன்று. இவ்விரண்டும் ஒரே கையிலிருந்து ஒரே நாளில் கிடைக்கப் பெற்ற மாணவர்கள் எக்காலத்திலும் சிலரே ஆவர்.

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் சமுதாயத்தின் இல்லங்கள் பலவற்றில் ஒரு காத்திருப்பு நிகழ்கிறது. பட்டம் பெற்ற மகனோ மகளோ கடல் கடந்த பல்கலைக்கழகங்களுக்கு மேற்படிப்பு வேண்டி மனுச் செய்துவிட்டு முடிவை எதிர்நோக்கியிருப்பர். வரும் பதிலில் இரு செய்திகள் அடங்கியிருக்கும். இடம் உண்டா என்பது முதலாவது. பொருளுதவி உண்டா என்பது இரண்டாவது. பெரும்புகழ் பெற்ற கூடம் இடம் தந்து பணம் தர மறுக்கும். அத்துணைப் பெயர் பெறாத கூடம் கட்டணத்தையும் தள்ளி, மாதந்தோறும் படியும் தர முன்வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, உதவித்தொகையுடன் இடம் பெற்ற மாணவர் ஏப்ரல் 15 வரை சிந்தித்து விடை தரலாமெனத் தமக்குள் உடன்பாடு கொண்டுள்ளன. அந்தச் சில வாரங்களுக்குள் வீடே கணக்குப் போடுகிறது. நகையை விற்பதா, நிலத்தை விற்பதா, வட்டிக் கடனில் இறங்குவதா, அன்றி உதவித்தொகை தருமிடத்திற்கே செல்வதா என்று மனம் அலைமோதுகிறது.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. நம் முன்னோர், அதிலும் நம் கடற்கரையூர்களில் ஓதப்படும் ஷாஃபிஈ நூல்களை யாத்த பெருமக்கள், இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் அதற்குக் கண்ட விடைகளில் நமக்குப் பாடம் உண்டு.

செல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க், கி.பி. 1065-ல் பக்தாதில் ஒரு பெரும் மத்ரஸாவைக் கட்டத் தொடங்கினார். 1067-ல் அது திறக்கப்பட்டது. நிஜாமிய்யா என்று வரலாறு போற்றும் கூடம் அதுவே. அதற்கு முன்னரும் மத்ரஸாக்கள் இருந்தன. ஆயினும் ஆசிரியருக்கு ஊதியம், மாணவருக்கு உணவு, உறையுள், உதவிப்படி ஆகிய அனைத்தையும் வக்ஃபுச் சொத்தின் வருவாயிலிருந்து இத்துணைப் பெரிய அளவில் நிலைநிறுத்திய பெருமை நிஜாமுல் முல்க்கையே சாரும். கடைகள், நிலங்கள் ஆகியவற்றின் வாடகையும் விளைச்சலும் கூடத்திற்கு வந்து சேரும். அவை யார் யாருக்கு எவ்வளவு என்பதை வக்ஃபுப் பத்திரம் வரையறுக்கும். கூடவே நிபந்தனையும் இருக்கும். நிஜாமிய்யாவின் நிபந்தனை, அங்கே கற்பிப்போரும் கற்போரும் ஷாஃபிஈ மத்ஹபினராக இருத்தல் வேண்டும் என்பது.

திறப்பு நாளன்று ஒரு வியப்பு நிகழ்ந்தது. தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டிருந்தவர் அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸி (ரஹ்) அவர்கள். ஷாஃபிஈ சட்டத்தில் ‘அத்தன்பீஹ்’, ‘அல்முஹத்தப்’ என்னும் இரு பெருநூல்களைத் தந்தவர். மக்கள் திரண்டு காத்திருந்தனர், அவர் வரவில்லை. வழியில் ஓர் இளைஞர் அவரை மறித்து, பிறரிடமிருந்து பறித்த இடத்தில் எவ்வாறு பாடம் நடத்துவீர்கள் என்று கேட்டதாகவும், அந்தக் கேள்வி தைத்து அவர் திரும்பிவிட்டதாகவும் வரலாறு கூறுகிறது. காத்திருந்து சலித்த பின்னர் இப்னுஸ் ஸப்பாஹ் என்னும் அறிஞர் அவரிடத்தில் அமர்த்தப்பட்டார். 20 நாட்கள் கழிந்தன. அபூ இஸ்ஹாக்கின் மாணவர்களோ, தாங்கள் அங்கே செல்லாவிடில் நாங்கள் இப்னுஸ் ஸப்பாஹிடம் சென்றுவிடுவோம் என்று நெருக்கினர். நிஜாமுல் முல்க்கும் விடவில்லை. இறுதியில் அவர் பொறுப்பேற்றார். ஏற்ற பின்னரும் தொழுகை நேரம் வந்தால் மத்ரஸாவை விட்டு வெளியேறி வேறு பள்ளிவாசலில் தொழுவார் என்பர்.

ஆசிரியருக்கு இருந்த ஐயம் மாணவர்களுக்கு ஏன் இல்லை? அவர்களுக்கு உணவும் அறையும் தேவைப்பட்டன. நல்ல உள்ளம் படைத்தவர்களிடையேயும் தேவை வேறு, பேணுதல் வேறு என்னும் இழுபறி தோன்றும் என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பக்தாதில் ஊதியம் தரும் மத்ரஸாக்கள் எழுந்த செய்தி கேட்டு, மாவராவுன்னஹ்ர் எனப்படும் நடு ஆசியப் பகுதியின் உலமாக்கள் கல்விக்காகத் துக்கம் அனுசரித்தனர் என்று பிற்கால நூலாசிரியர் ஹாஜி கலீஃபா எழுதியிருக்கிறார். உயர்ந்த உள்ளம் படைத்தோர் கல்விக்காகவே கல்வியை நாடிய காலம் போய், இனிக் கூலிக்காக நாடுவோர் கூடுவர் என்பது அவர்களுடைய கவலை.

அந்தக் கவலை நியாயமானதே. எனினும் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தூஸ் நகரில் கம்பளி நூற்றுப் பிழைத்த ஓர் ஏழை, தம் இரு மைந்தர்களையும் தாம் சேர்த்த சிறு பொருளையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு இறந்தார். பொருள் தீர்ந்தது. அந்த நண்பரும் ஏழை. நீங்கள் மாணவர்களாக ஒரு மத்ரஸாவில் சேர்ந்துவிடுங்கள், அங்கே உணவாவது கிடைக்கும் என்று அவர் வழிகாட்டினார். அவ்வாறு சோற்றுக்காக மத்ரஸாவின் வாயிலை மிதித்த சிறுவர்களுள் ஒருவரே, 1058-ல் பிறந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆவார். தாம் வேறெதற்காகவோ கல்வியைத் தேடியதாகவும், கல்வியோ இறைவனுக்காக அன்றி வேறெதற்கும் இணங்க மறுத்துவிட்டதாகவும் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார் என்பர். வக்ஃபின் ரொட்டி இல்லையேல் அந்த அறிவுக்கடல் தூஸின் தெருக்களிலேயே வற்றியிருக்கக்கூடும்.

அவரே 1091-ல் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியரானார். நான்காண்டுகள் கழித்து 1095-ல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, இனி அரசர்களின் வாயிலுக்குச் செல்வதில்லை, அவர்களின் பொருளைப் பெறுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். மாணவப் பருவத்தில் பெற்ற ரொட்டி அவரை வளர்த்தது. புகழின் உச்சியில் பெற்ற ஊதியமோ அவர் நெஞ்சை அரித்தது. கொடை ஒன்றேயாயினும், பெறுவோரின் நிலைக்கேற்ப அதன் தன்மை மாறிவிடுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வேற்பாடு மேலும் செழித்தது. கலீஃபா அல்முஸ்தன்ஸிர் 1234-ல் பக்தாதில் திறந்த முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு மத்ஹபினருக்கும் இடமிருந்தது. ஒவ்வொரு மத்ஹபுக்கும் 62 பேர் வீதம் 248 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. நாள்தோறும் ரொட்டியும் சமைத்த உணவும், மாதந்தோறும் ஒரு தீனாரும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. 1327-ல் அங்கே சென்ற இப்னு பதூதா, நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனிப் பாடக்கூடங்களும் மாணவர்க்கென நீராடுமிடமும் இருந்ததை எழுதியுள்ளார். இத்தகைய கூடங்களில் மாணவருள்ளும் படிநிலைகள் உண்டு. முதல்நிலை மாணவரைவிட முதிர்ந்த மாணவருக்குப் படி கூடுதல். ஆசிரியரின் பாடத்தை மற்றவர்க்குத் திரும்ப விளக்கும் ‘முஈத்’ என்பவருக்கு அதற்கென ஊதியமும் உண்டு. இன்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தத் துணை நின்று கட்டண விலக்கும் படியும் பெறும் ஆராய்ச்சி மாணவரின் முன்னோடி அவரே எனலாம்.

முஸ்தன்ஸிரிய்யா திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னர், 1233-ல், சிரியாவின் ஹவ்ரான் பகுதியில் நவா என்னும் சிற்றூரில் பிறந்தார் இமாம் நவவி (ரஹ்). தந்தை கடை வைத்திருந்தார். மகனின் நாட்டமோ ஓதுவதில். ஹிஜ்ரீ 649-ல் (கி.பி. 1251), தம் பத்தொன்பதாம் வயதில், தந்தையுடன் அவர் திமிஷ்குக்கு வந்தார். அங்கே பெரும் அறிஞரான தாஜுத்தீன் அல்ஃபஸாரியிடம் அழைத்துச் செல்லப்பட்டு, அவரிடம் பாடம் தொடங்கினார். மாணவர் விரும்பிய ஆசிரியர் கிடைத்துவிட்டார். ஆயின் அந்த ஆசிரியரின் மத்ரஸாவில் தங்க அறை இல்லை. அவரே இளைஞரை ரவாஹிய்யா மத்ரஸாவுக்கு, கமாலுத்தீன் இஸ்ஹாக் அல்மக்ரிபீ அவர்களிடம் அனுப்பி வைத்தார். இப்னு ரவாஹா என்னும் வணிகர் நிறுவிய அந்த மத்ரஸாவில் ஒரு சிற்றறை கிடைத்தது. நாள்தோறும் மத்ரஸா தரும் ரொட்டியே உணவாயிற்று.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். புகழ்மிக்க ஆசிரியர் ஒருபுறம். அறையும் ரொட்டியும் மறுபுறம். நவவி அவர்கள் அறையைத் தேர்ந்தார்கள். அந்தத் தேர்வால் கல்வி குறைந்ததா? அபூ இஸ்ஹாக்கின் ‘அத்தன்பீஹ்’ நூலை ஏறத்தாழ நாலரை மாதங்களில் மனனம் செய்தார்கள். அவ்வாண்டின் எஞ்சிய நாட்களில் ‘அல்முஹத்தப்’ நூலின் வணக்க வழிபாடுகள் பற்றிய காற்பகுதியை மனத்திலேற்றினார்கள். நாளொன்றுக்கு வெவ்வேறு துறைகளில் பன்னிரண்டு பாடங்கள் கேட்டார்கள். திறப்பு நாளில் கேள்வி தைத்துத் திரும்பிய பேராசிரியரின் நூல்கள், வக்ஃபின் ரொட்டி உண்ட கிராமத்து இளைஞரின் நெஞ்சில் இவ்வாறு குடிபுகுந்தன. அந்த இளைஞர் யாத்த ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ ஷாஃபிஈ உலகெங்கும் பாடநூலாயிற்று. ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நம் பள்ளிவாசல்களில் இன்றும் வாசிக்கப்படுகிறது.

உதவி பெற்றுப் படித்தவர் உதவியாளருக்கு அடிமையானாரா என்பதே எஞ்சும் வினா. ஹிஜ்ரீ 665-ல் தாருல் ஹதீஸ் அல்அஷ்ரஃபிய்யாவின் தலைமையை ஏற்றபோது, அதன் ஊதியத்தை அவர்கள் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். திமிஷ்கின் தோட்டங்கள் பல வக்ஃபுக்கு உரியவை, அவற்றின் நிர்வாகத்தில் பேணுதல் இல்லை என்று கருதி அந்நகரின் கனிகளையும் தவிர்த்து வந்தார்கள். சுல்தான் பைபர்ஸ் மக்களின் தோட்டங்களின்மீது கைவைக்க முனைந்தபோது அஞ்சாது கண்டித்து மடல் எழுதினார்கள். சினந்த சுல்தான் அவர்களுடைய ஊதியங்களை நிறுத்துமாறு ஆணையிட, நிறுத்துவதற்கு அவரிடம் ஊதியம் ஏதுமில்லை என்று விடை வந்ததாம்.

இந்த மூவரின் வரலாற்றிலிருந்தும் நாம் பெறும் அளவுகோல் ஒன்றே. பொருளுதவியின் தொகையை எண்ணுவதற்கு முன் மூன்றை வினவ வேண்டும். அப்பணம் எங்கிருந்து வருகிறது? அது என்ன நிபந்தனையிடுகிறது? படித்து முடிந்தபின் நம் நாவையும் கையையும் கட்டுமா, அன்றி விடுதலையாய் விடுமா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின், பெயர் சிறிதாயினும் அறையும் ரொட்டியும் தரும் கூடத்தைத் தேர்வதில் இழிவேதுமில்லை. வட்டிக் கடனைச் சுமந்து புகழ்மிக்க வாயிலில் நுழைபவர், முதலாண்டிலிருந்தே பிறர்க்காக உழைக்கத் தொடங்கிவிடுகிறார்.

கேள்வி மாணவரோடு முடிவதில்லை. சமுதாயத்தையும் நோக்கி எழுகிறது. உழைத்துப் பொருளீட்ட வல்லவராயினும், மார்க்கக் கல்வியில் ஈடுபட்டு, உழைக்கச் சென்றால் அக்கல்வி அறுபட்டுவிடும் நிலையிலிருப்பவர் ஜகாத் பெறலாம் என்று இமாம் நவவி அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதே இடத்தில், கல்வி ஏறும் வாய்ப்பில்லாதவர் உழைக்க வல்லவராயிருப்பின், மத்ரஸாவில் தங்கியிருந்தாலும் அவருக்கு அது ஆகாது என்றும் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறார்கள். தருவோருக்கும் பெறுவோருக்கும் ஒருங்கே கடமை விதிக்கும் சொற்கள் இவை. இச்சட்டத்தை இன்றைய பிற துறைக் கல்விகளுக்கு எந்த அளவு விரிக்கலாம் என்பது உலமாக்கள் தீர்ப்பளிக்க வேண்டிய பொருள். ஆனால் ஜகாத்துக்கு அப்பாலும் ஸதகாவும் வட்டியில்லாக் கடனும் புதிய வக்ஃபுகளும் நம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன.

இப்னு ரவாஹா ஒரு வணிகர். அவர் கட்டிய அறைகளுள் ஒன்றில் யார் வந்து தங்குவார் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. நவவி பிறக்கும் முன்பே அவர் மறைந்துவிட்டார். நம் ஊர்களிலும் வணிகர் உண்டு, வக்ஃபு நிலங்களும் உண்டு. ஏப்ரல் 15-க்கு முன் விடை தேடித் தவிக்கும் ஒரு பிள்ளைக்கு அவற்றின் வாயில் திறக்குமாயின், அந்த அறையிலிருந்து யார் எழுந்து வருவார் என்பதை இறைவனே அறிவான்.