கோப்பித் துருவும் ஆய்வுச் சுவரொட்டியும்

ஆய்வு முடிபை ஒரே தாளில் வரைந்து மாநாட்டுச் சுவரில் தொங்கவிடும் வழக்கம், 1969இல் மத்ரீத் நகரிற் கூடிய ஐரோப்பிய உயிர்வேதியியலார் மாநாட்டிலே தொடங்கியதென்பர். ஆயின் அத்தகு தாளுக்குரிய இலக்கணத்தை, அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறாண்டுகள் முன்னரே இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் நிகழ்ந்த ஓர் ஆய்விற் காணலாம்.

1869இல் இங்கு கண்டறியப்பட்ட இலைத்துரு நோய்க்கு மண்ணின் மெலிவும் பருவக் கோளாறுமே காரணமெனத் துரைமார் பலர் வாதிட்டனர். 1880இல் வந்த மார்ஷல் வார்ட், கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்திடையே தொங்கவிட்டார். காற்றில் மிதந்துவந்த பூஞ்சை வித்துக்கள் அவற்றில் ஒட்டின. அவ்வித்து நீர்த்துளியில் முளைத்து இலைத்துளை வழியே உட்புகுவதையும் அவர் படத்தால் விளக்கினார். கேட்ட வினா ஒன்று. அதற்குரிய சான்றோ பார்ப்போர் கண்முன்னே. சுவரொட்டிக்கு இதனினும் வேறு யாது வேண்டும்? தாள் முழுதும் எழுத்தை நிறைத்துப் படத்தை மூலையில் ஒதுக்குவோர் (நம்மவரும் அவருள் உளர்) வார்ட்டின் தகடுகளை நினைத்தல் தகும்.

உண்மை வெளிப்பட்டும் கோப்பி பிழைக்கவில்லை. வார்ட்டின் அறிக்கைகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அவ்விலைகளிடையே நாள்தோறும் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்து கடல் கடந்து மீண்டனர். டிக்கோயாச் சரிவுகளிற் கோப்பி நின்றவிடத்தில் தேயிலை ஏறிற்று. அதற்கென 1925இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையம் பின்னர்த் தலவாக்கலையில் நிலைபெற்றது.