ஆலந்தூர் பாதாளச் சாக்கடைத் திட்டம்

ஆலந்தூர் பாதாளச் சாக்கடைத் திட்டம் என்பது, தமிழ்நாட்டில் சென்னையை ஒட்டி அமைந்துள்ள ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில் அங்கு நிறைவேற்றப்பட்ட கழிவுநீர் அகற்றும் திட்டமாகும். 1990களின் பிற்பகுதியில் திட்டமிடப்பட்டு, 2000ஆம் ஆண்டில் கட்டுமானம் தொடங்கப்பட்டது. இரு காரணங்களால் இத்திட்டம் இந்திய நகர நிருவாகம் குறித்த ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. முதலாவது, குழாய் பதிக்கத் தொடங்கும் முன்னரே வீட்டு உரிமையாளர்களிடமிருந்து இணைப்புக்கான வைப்புத் தொகை திரட்டப்பட்டது. இரண்டாவது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் தனியார் முதலீட்டில் கட்டப்பட்டது.

ஆலந்தூர் நகராட்சி

ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகரின் தென்மேற்கு எல்லையில், பரங்கிமலையை அடுத்து அமைந்திருந்தது. ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் ஆகியவை இதன் முக்கியக் குடியிருப்புப் பகுதிகள். நகராட்சியின் பரப்பளவு ஏறத்தாழ 19.5 சதுர கிலோமீட்டர். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.46 இலட்சம் மக்களும், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.64 இலட்சம் மக்களும் இங்கு வசித்தனர்.

சென்னைக்கு மிக அருகில் இருந்தபோதிலும், ஆலந்தூர் மாநகராட்சி எல்லைக்குள் அடங்கவில்லை. எனவே சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாய்கள் இவ்வூருக்கு நீட்டிக்கப்படவில்லை. பெருநகரின் மக்கள் நெருக்கம் இருந்தது. பெருநகரின் வசதி இல்லை. சென்னையைச் சுற்றியிருந்த பல நகராட்சிகளின் நிலையும் இதுவே.

திட்டத்திற்கு முந்தைய நிலை

திட்டத்திற்கு முன்னர் ஆலந்தூரின் வீடுகளில் பெரும்பாலானவை செப்டிக் டேங்குகளையே நம்பியிருந்தன. குளியலறை, சமையலறை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நீர் தெருவோரத் திறந்த சாக்கடைகளில் விடப்பட்டது. தொட்டி நிரம்பியதும் லாரி வரவழைத்துக் கழிவை அகற்ற வேண்டும். அதற்கான செலவு வீட்டுக்காரரைச் சேர்ந்தது.

செப்டிக் டேங்க் முறை, வீடுகள் தள்ளித் தள்ளி அமைந்த ஊர்களுக்கு ஏற்றது. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை உறிஞ்சுவதற்குச் சுற்றிலும் போதிய நிலம் இருக்க வேண்டும். சிறிய மனைகளில் அடுக்குமாடி வீடுகள் எழும்பும்போது அந்த நிலம் இல்லாமற் போகிறது. அதே மனையில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் நிலத்தடி நீரும் மாசடைகிறது. கொசுப் பெருக்கமும் துர்நாற்றமும் இதன் உடன் விளைவுகள்.

திட்டத்தின் தோற்றம்

1992ஆம் ஆண்டின் 74வது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதியை வழங்கியது. அதன் பின்னர் தமிழ்நாட்டில் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடைபெற்றது. ஆலந்தூர் நகராட்சித் தலைவராக ஆர். எஸ். பாரதி தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர் பின்னர் 2016ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினரானார்.

புதிய நகர்மன்றம் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை முன்னெடுத்தது. திட்டச் செலவு ஏறத்தாழ 34 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. ஒரு நகராட்சி தன் சொத்து வரி வருவாயைக் கொண்டு இத்தொகையைத் தானே திரட்டுவது இயலாததாகும். எனவே தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் உதவி நாடப்பட்டது. மாநில அரசும் ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஐஎல் அண்டு எஃப்எஸ் ஆகிய நிதி நிறுவனங்களும் இணைந்து 1996ஆம் ஆண்டில் உருவாக்கிய இந்நிதியத்திற்கு உலக வங்கியின் கடனுதவி இருந்தது.

வைப்புத் தொகை

திட்டத்தின் தனித்தன்மை வைப்புத் தொகை ஏற்பாட்டில் உள்ளது. வீட்டு இணைப்பு ஒன்றுக்கு 5,000 ரூபாயும், வணிக, தொழில் இணைப்புகளுக்கு 10,000 ரூபாயும் ஒருமுறை செலுத்தும் தொகையாக நிர்ணயிக்கப்பட்டன. இதைத் தவிர, பராமரிப்புக்காக வீடுகளுக்கு மாதம் 150 ரூபாய் என்ற கட்டணமும் முன்மொழியப்பட்டது.

20,000 வீடுகள் தலா 5,000 ரூபாய் செலுத்தினால் 10 கோடி ரூபாய் கிடைக்கும். இது மதிப்பிடப்பட்ட செலவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய தொகைக்குக் கடனும் மானியமும் தனியார் முதலீடும் தேவைப்பட்டன. ஆயினும் இந்த மூன்றில் ஒரு பங்கே மற்றவற்றை ஈர்க்கும் அடிப்படையாக அமைந்தது.

தோண்டப்படாத சாக்கடைக்குப் பணம் கேட்பது எளிதான செயலன்று. திட்டம் பாதியில் நின்றுவிட்டால் செலுத்திய பணம் என்னவாகும் என்பது இயல்பான ஐயம். இதனைப் போக்க நகராட்சி சில நடவடிக்கைகளை மேற்கொண்டது.

* பணி தொடங்கும் முன்னர் மக்களின் விருப்பத்தையும் செலுத்தும் திறனையும் அறியும் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. பெரும்பாலான குடும்பங்கள் இணைப்பை விரும்பின.
* குடியிருப்போர் நலச் சங்கங்களுடன் தொடர்ந்து கூட்டங்கள் நடத்தப்பட்டன. செலவு, கட்டணம், கால அளவு ஆகியவை அங்கு விளக்கப்பட்டன.
* கட்சி வேறுபாடின்றி நகர்மன்ற உறுப்பினர்கள் தத்தம் வட்டங்களில் வீடு வீடாகச் சென்று திட்டத்தை எடுத்துரைத்தனர்.
* திரட்டப்பட்ட தொகை நகராட்சியின் பொது நிதியில் சேர்க்கப்படாமல் தனிக் கணக்கில் வைக்கப்பட்டது.

கடைசியாகக் குறிப்பிட்டது மிக முக்கியமானது. பொது நிதியில் சேரும் பணம் ஊழியர் சம்பளம், தெருவிளக்கு மின் கட்டணம் போன்ற அன்றாடச் செலவுகளில் கரைந்துவிடக் கூடும். தனிக் கணக்கில் உள்ள பணம் இருக்கிறதா, இல்லையா என்பதை எவரும் கேட்டறியலாம்.

அனைவரும் இணைவதன் தேவை

குடிநீர்த் திட்டத்தில் இணைப்புகள் குறைந்தால் வருவாய் மட்டுமே குறையும். பாதாளச் சாக்கடையிலோ இணைப்புகள் குறைந்தால் அமைப்பே செயலிழக்கத் தொடங்கும். இதற்கான காரணங்கள் பின்வருமாறு:

* கழிவுநீர்க் குழாய்கள் சரிவாகப் பதிக்கப்படுகின்றன. நீர் புவியீர்ப்பு விசையால் ஓடுகிறது. திடக்கழிவுகள் படியாமல் அடித்துச் செல்லப்பட வேண்டுமானால் நீருக்குக் குறிப்பிட்ட வேகம் வேண்டும். இணைப்புகள் குறைவாக இருந்தால் நீரோட்டம் மெலிந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.
* சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைச் சிதைப்பவை நுண்ணுயிரிகள். அவற்றின் உணவு கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள்களே. போதிய கழிவுநீர் தொடர்ந்து வராவிட்டால் அவை நிலைத்திருக்க மாட்டா.
* நிலையத்தை இயக்கும் நிறுவனத்திற்கு, சுத்திகரிக்கப்படும் நீரின் அளவைப் பொறுத்தே வருவாய் கிடைத்தது.

எனவே முன்கூட்டியே செலுத்தப்பட்ட ஒவ்வொரு வைப்புத் தொகையும் பணமாக மட்டுமன்றி, அவ்வீடு பின்னர் இணைப்புப் பெறும் என்பதற்கான உறுதியாகவும் அமைந்தது. கடன் வழங்கும் நிறுவனமும் ஒப்பந்ததாரரும் அவ்வுறுதியையே எதிர்பார்த்தனர்.

கட்டமைப்பு

திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்திற்குக் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. தெருக்குழாய்களில் சேரும் நீர், ஆள்நுழைவுக் குழிகளின் வழியாகப் பெரிய குழாய்களை அடைந்து, உந்து நிலையத்திற்குச் செல்கிறது. அங்கிருந்து மின்விசைப் பம்புகளால் பெருங்குடிக்கு அனுப்பப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையம் அங்கு சென்னைக் குடிநீர் வாரியத்தின் நிலத்தில் அமைக்கப்பட்டது. நிலையத்தின் மொத்தக் கொள்ளளவு நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர் எனத் திட்டமிடப்பட்டு, முதற்கட்டமாக 1.2 கோடி லிட்டர் கொள்ளளவில் கட்டப்பட்டது.

இவ்வமைப்பு மழைநீர் வடிகாலிலிருந்து வேறுபட்டது. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டால், பெருமழையின்போது குழாயின் கொள்ளளவு மீறி ஆள்நுழைவுக் குழிகள் வழியே கழிவுநீர் தெருவில் பொங்கும்.

தனியார் பங்களிப்பு

பணிகள் இரு வகையாகப் பிரித்து ஒப்படைக்கப்பட்டன. குழாய் வலையமைப்பு, செய்த வேலைக்குப் பணம் என்ற வழக்கமான ஒப்பந்த முறையில் அமைக்கப்பட்டது. அதற்கான செலவை நகராட்சி ஏற்றது. சுத்திகரிப்பு நிலையம், கட்டி இயக்கிப் பின்னர் ஒப்படைக்கும் முறையில் அமைக்கப்பட்டது. இதன்படி ஒப்பந்ததாரர் தம் முதலீட்டில் நிலையத்தைக் கட்டி, 14 ஆண்டுகள் இயக்கி, பின்னர் ஒப்படைக்க வேண்டும். ஐவிஆர்சிஎல் நிறுவனமும் வா டெக் வாபாக் நிறுவனமும் இணைந்து இப்பணியைப் பெற்றன.

சுத்திகரிக்கப்படும் நீரின் அளவுக்கேற்ப நகராட்சி கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான கழிவுநீர் வந்தாலும், உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகையைச் செலுத்த வேண்டியிருந்தது. இணைப்புகள் தாமதமானால் ஏற்படும் இழப்பு இதன்மூலம் நகராட்சியைச் சேர்ந்தது. நிலையத்தைக் கட்டுவதிலும் இயக்குவதிலும் ஏற்படும் இடர்ப்பாடு ஒப்பந்ததாரரைச் சேர்ந்தது.

குறைபாடுகள்

வைப்புத் தொகை முறை, சொந்த வீடும் ஓரளவு சேமிப்பும் உள்ள குடும்பங்களை அடிப்படையாகக் கொண்டது. குடிசைப் பகுதியினருக்கு 5,000 ரூபாயை ஒருமுறையில் செலுத்துவது கடினம். தவணை முறையும் சமூகக் கழிப்பறைகளும் இதற்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டன. எனினும் தனி இணைப்பு பெற்ற வீட்டுக்கும் பொதுக் கழிப்பறையை நம்பிய வீட்டுக்கும் இடையிலான வேறுபாடு நீடித்தது.

மேலும், பாதாளச் சாக்கடை அமைப்பதால் மட்டும் துப்புரவுப் பணியாளர்களின் இடர்ப்பாடு நீங்கிவிடுவதில்லை. அடைப்பை நீக்க மனிதர்கள் குழிக்குள் இறங்கும் வழக்கம் நச்சு வாயுவால் உயிரிழப்புகளை ஏற்படுத்துகிறது. உரிய பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துள்ளது.

பிற்கால நிலை

2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது, 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என மொத்தம் 42 உள்ளாட்சி அமைப்புகள் அதனுடன் இணைக்கப்பட்டன. அவற்றுள் ஆலந்தூர் நகராட்சியும் ஒன்று. இப்பகுதி மாநகராட்சியின் 12வது மண்டலத்தின் பகுதியானது. கழிவுநீர் அகற்றும் பொறுப்பு சென்னைக் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. அதுவரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஆலந்தூர், 2018ஆம் ஆண்டில் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது.

தாக்கம்

ஆலந்தூரைத் தொடர்ந்து, தமிழ்நாட்டின் பல நகராட்சிகளில் பாதாளச் சாக்கடைத் திட்டங்களுக்கு மக்களிடம் வைப்புத் தொகை பெறும் முறை பின்பற்றப்பட்டது. கருநாடகத்தில் பெங்களூரைச் சுற்றியிருந்த 8 நகராட்சிகளுக்கான குடிநீர், கழிவுநீர்த் திட்டத்திலும் பயனாளிகளின் மூலதனப் பங்களிப்பு இடம்பெற்றது. செலவில் ஒரு பகுதியை மக்கள் முன்கூட்டியே ஏற்கும்போது, பணி முடியும் நாளையும் சேவையின் தரத்தையும் கேட்கும் உரிமை அவர்களுக்கு வலுப்பெறுகிறது என்பது இம்முறையை ஆதரிப்போரின் கருத்து. அடிப்படைச் சுகாதார வசதியை அரசே பொது வரியிலிருந்து வழங்க வேண்டும், அதனைச் செலுத்தும் திறனுடன் இணைக்கக் கூடாது என்பது இதனை எதிர்ப்போரின் கருத்து.